பயணப்படி

ஏலாக்குறிச்சி என்று எழுதத் தொடங்கும்போதெல்லாம் அதன் முதல் எழுத்தின் காலைச் சற்று நின்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஓலைச்சுவடிக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உருவம் ஒன்றுதான். குறிலுக்கு ஒரு புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் எழுதுவோர் பலர் அதை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்பதைப் படிப்பவனே இடம் நோக்கி ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தடுமாற்றம் நீங்க, எகரத்தின் அடியில் ஒரு சிறு கோட்டை இழுத்து ஏகாரமாக்கியவர் வீரமாமுனிவர் என்பது நம் எழுத்து வரலாற்றில் பரவலாக வழங்கும் செய்தி. இத்தாலியில் 1680-இல் பிறந்து, கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்து இந்தச் சிற்றூரில் தங்கி, இதற்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, இதன்மேல் கலம்பகமும் பாடியவர் அவர். 'தேம்பாவணி'யும் (1726) 'சதுரகராதி'யும் (1732) தமிழுக்குத் தந்தவர். அவர் வாழ்ந்த ஊரின் பெயரே அவர் கொடுத்த காலில்தான் நிற்கிறது.

ஒரு சிறு கோடுதான். மொழியின் இலக்கணத்தை அது மாற்றவில்லை, புதிதாக ஒலி எதையும் சேர்க்கவில்லை. படிப்பவன் தடுக்கி விழும் இடத்தில் கீழே ஒரு தாங்கல் வைத்தது, அவ்வளவே. அதே ஊரின் வெளியில் ஒரு வண்டியின் பின்கதவுக்கு முன்னால் நின்றபோது எனக்கு இந்தக் கோடு நினைவுக்கு வந்தது. இக்கட்டுரை அந்த வண்டியைப் பற்றியது. சரியாகச் சொன்னால், வண்டிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த 34 அங்குலத்தைப் பற்றியது.

*

வண்டி என் தம்பியுடையது. வளைகுடாவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே வெள்ளைக்காரர்கள் விடுமுறை நாட்களில் பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு சிறு அறையை ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்புவதைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான். ட்ரக் கேம்பர் என்று அதற்குப் பெயர். தனியாகச் செய்யப்பட்ட அறை அது. வேண்டும்போது வண்டியின் சரக்குத்தட்டில் ஏற்றி இறுக்கிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றி இறக்கி வைத்துவிடலாம். ஊர் திரும்பியதும், இரண்டு வரிசை இருக்கை கொண்ட ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, அலுமினியக் குழாயும் தகடும் பிளைவுட்டும் கொண்டு அப்படியொரு அறையைச் செய்துவிட்டான். ஓடும்போது எல்லோரும் முன்பக்கம் இருக்கையில்தான் உட்கார வேண்டும். வண்டி நின்ற பிறகு அறையில் படுக்கலாம், சமைக்கலாம். நான்கு பேருக்குப் படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை அடித்த சன்னல்.

இதை மேல்நாட்டு மோகம் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டியில் வாழ்வது நமக்குப் புதிதன்று. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளைப் பாருங்கள். இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய் மாதக்கணக்கில் ஊர் திரும்பாமல் இருக்கும் அந்த ஆட்களுக்கு, கூடவே வரும் துணை லாரிதான் வீடு. அதில்தான் அரிசி மூட்டை, அதன் அடியில்தான் மதியத் தூக்கம். அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் ஓட்டுநர்களும் இருக்கைக்குப் பின்னாலுள்ள பலகையில் தூங்கி எழுபவர்கள்தாம். இவர்கள் எல்லோரும் வண்டிக்குள் ஏறும் விதம் ஒன்று: சக்கரத்தில் ஒரு கால், கம்பியில் ஒரு கை, உந்தி ஒரு தாவல். இளமையும் உடல் பலமும் உள்ளவர்களின் ஏற்றம் அது. வண்டி கட்டுகிறவர்களின் மனத்தில் இருக்கும் மனிதன் எப்போதும் அவன்தான்.

என் தம்பியும் அந்த மனிதனை நினைத்துத்தான் கட்டியிருந்தான். கதவு வைத்தான், கதவுக்குப் பூட்டு வைத்தான், பூட்டுக்கு மேலே விளக்கு வைத்தான். ஏறுவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. ஒரு பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினோம். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. முழங்கால் தேய்மானம். முதல் பயணம் வேளாங்கண்ணிக்கு. இறங்கும்போது வாளி சரிந்தது. உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். எலும்பு முறியவில்லை, கணுக்கால் மட்டும் வீங்கியது. இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. நாங்கள் அதை மறந்தும்விட்டோம்.

அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டபோது, "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு எங்க இனிமே ஊர் சுத்துற ஆசை?" என்றாள். அதற்கடுத்து ஏலாக்குறிச்சி. எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லாச் சமயத்தாரும் போய்வரும் இடம் அது. அம்மா சிறுமியாக மாட்டுவண்டியில் போன இடம். அதற்கும் அதே பதில். வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பால்காரன் வருவான், கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். எல்லாம் நியாயமான காரணங்கள். வயதானால் மனம் அடங்கிவிடும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அம்மா பக்குவப்பட்டுவிட்டாள் என்று நான்கூட ஒருவரிடம் சற்றுப் பெருமையாகச் சொன்னேன்.

ஓராண்டுக்குப் பிறகு ஒரு மாலையில் அவள் பக்கத்து வீட்டு அக்காளிடம் பேசிக்கொண்டிருந்தது சன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "போவணும்னுதான் இருக்கு. அந்த வண்டியில ஏறுறதுக்குள்ள உசுரு போயிடுது. புள்ளைங்ககிட்ட சொன்னா தூக்கிவிடுறேம்பாங்க. நாலு பேரு பாக்க என்னையத் தூக்கணுமா?"

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

*

நான் இங்கே சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒருவரால் ஏற முடியாத படி, நாளடைவில் அவருடைய விருப்பமின்மையாக உருமாறிவிடுகிறது. முடியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. அதை நம்புவது நமக்கு வசதி. இவ்விதமாக இரு தரப்பும் சேர்ந்து ஒரு பொய்யைப் பல ஆண்டுகள் கட்டிக்காக்கிறோம். நம் வீடுகளில் 'அவருக்கு அதிலெல்லாம் ஈடுபாடு இல்லை' என்று சொல்லப்படும் முதியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே ஈடுபாடு இல்லை, எத்தனை பேருக்கு முதல் படி உயரமாக இருக்கிறது என்பதை யாரும் அளந்து பார்த்ததில்லை. ஈழத்தமிழர் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கும் 'ஏலாது' என்ற சொல் நம் பக்கத்தில் அருகிவிட்டது. 'என்னால் ஏலாது' என்று கூச்சமின்றிச் சொல்ல ஒரு சொல் புழக்கத்தில் இருந்திருந்தால், அம்மா கோழிகளைச் சாக்குச் சொல்லியிருக்க மாட்டாளோ என்னவோ.

கைகொடுத்துத் தூக்கிவிட ஆளில்லையா என்று கேட்கலாம். ஆள் இருந்தது. அன்பும் இருந்தது. வீரமாமுனிவர் பல்லக்கில் பயணம் செய்ததாகப் பழைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. பல்லக்கு ஒரு வகையில் உன்னதமான வாகனம். ஏறுகிறவரை நோக்கி அது தரைவரை இறங்கி வருகிறது. ஆனால் அந்தத் தாழ்வும் உயர்வும் வேறு சிலர் தோள்களின் செலவில் நடப்பவை. தூக்கப்படுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. தூக்குகிறவன் மறந்துவிடுவான், தூக்கப்பட்டவர் மறப்பதில்லை. இரவில் மூத்திரம் பெய்ய இறங்க வேண்டும் என்றால் மகனை எழுப்ப வேண்டும். ஒருமுறை எழுப்பலாம், இரண்டாம் முறை எழுப்பக் கூசி விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அதைவிட வராமலே இருந்துவிடலாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. உதவி செய்ய ஆள் இருப்பதும் உதவி தேவைப்படாதிருப்பதும் ஒன்றல்ல.

*

படி செய்வது என்று முடிவானது. எளிய வேலை என்று நினைத்தோம். மூன்று தகட்டைக் கீல் வைத்து மாட்டினால் முடிந்தது என்றுதான் தம்பியும் சொன்னான். இதில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இத்தகைய வேலையை அலட்சியமாகச் செய்வதால்தான் அது பாதியில் கைவிடப்படுகிறது.

முதல் கேள்வி எத்தனை படி என்பது. வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 அங்குல உயரம் இருக்கும். கால் அதற்குப் பழகியிருக்கிறது. அறையின் தரை 34 அங்குல உயரத்தில் இருந்தது. ஒரே ஒரு படியை நடுவில் வைத்தால் இரு தாவல்கள், ஒவ்வொன்றும் 17 அங்குலம். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒற்றை மடிப்புப் படியில் இதுதான் நடக்கும். படி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். முழங்கால் தேய்ந்தவருக்கு அது இல்லாதது போலத்தான். மூன்று படி வைத்தால் நான்கு ஏற்றம், ஒவ்வொன்றும் எட்டரை அங்குலம். அதற்கும் குறைத்தால் இன்னும் நல்லது, ஆனால் படிகளின் நீளம் கூடி மடிப்பது கடினமாகும். மூன்று என்று முடிவு செய்தோம். ஏற்றங்கள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கால் முதல் படியில் ஓர் உயரத்தைக் கற்றுக்கொண்டு அதையே அடுத்த படியிலும் எதிர்பார்க்கிறது. அளவு மாறும் இடத்தில்தான் மனிதர்கள் விழுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி எங்கே மாட்டுவது. இங்கேதான் முதல் முயற்சி தோற்றது. பட்டறையில் அறையின் வாசல் பலகையில், பிளைவுட்டில், நான்கு திருகாணி போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. மூன்றாம் நாள் தம்பி ஏறியபோது இரண்டு திருகாணி பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. அம்மா ஏறும் முன் அது நடந்ததே என்று ஆறுதல் கொண்டேன்.

காரணம் எளிய நெம்புகோல் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர், மாட்டிய இடத்திலிருந்து 12 அங்குலம் வெளியே தள்ளி நிற்கிறார் என்று கொள்வோம். மேல் திருகாணிக்கும் கீழ்த் திருகாணிக்கும் இடைவெளி 4 அங்குலம். மேலே உள்ளவற்றை வெளியே இழுக்கும் விசை 60 கிலோ அன்று. மும்மடங்காகி 180 கிலோ. நிதானமாக நின்றால் இவ்வளவு. இறங்கும்போது தொப்பென்று கால் வைத்தால் இன்னும் கூடும். மூன்று படிகளில் கடைசிப் படி அதைவிடவும் தள்ளி இருக்கிறது. பிளைவுட் தாங்காது. பம்பர் தகடும் தாங்காது; அது பார்வைக்கு வைத்தது.

எனவே இரண்டு திருத்தங்கள் செய்தோம். முதலாவது, படியின் தாங்கியை அறையோடு மாட்டாமல் வண்டியின் சேசிஸ் சட்டத்தின் பின்முனையோடு மாட்டினோம். சேசிஸில் கண்ட இடத்தில் வெல்டிங் வைக்கவோ, அதன் மேல் கீழ் விளிம்புகளில் துளை போடவோ கூடாது. வண்டியின் பலமே அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஏற்கெனவே இருந்த துளைகளில், பின்னால் கனமான பட்டை கொடுத்து, தளராத நட்டுகளோடு போல்ட்டுகளைப் பூட்டினோம். இரண்டாவது, கடைசிப் படிக்குத் தரையில் ஊன்றும் இரண்டு கால்கள் வைத்தோம். கால் ஊன்றிவிட்டால் எடையின் பெரும்பகுதி தரைக்குப் போய்விடுகிறது. போல்ட்டுகள் படியைப் பிடித்துக்கொண்டால் போதும். தரை மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், கால்களில் வரிசையாகத் துளையிட்டு ஊசி சொருகி நீட்டிக் குறைக்கும்படி செய்தோம். ஈர மண்ணில் புதையாமலிருக்க அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு.

மூன்றாவது, மடிப்பு. படி மடிய வேண்டியதன் காரணம் அழகன்று. ஓடும் வண்டிக்கும் நிற்கும் வண்டிக்கும் தேவைகள் எதிரெதிரானவை. ஓடும்போது அடிப்பகுதி உயரமாக இருக்க வேண்டும். வேகத்தடை உண்டு, பள்ளம் உண்டு, மழைத் தண்ணீர் உண்டு. நிற்கும்போது தாழ்வாக இருக்க வேண்டும், ஏறுகிறவர் இருக்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்று நினைக்கும்போது எப்போதும் சாலையே வெல்லும், மனிதர் தோற்பார். மடிப்பு என்பது இருவருக்கும் முறை வைத்துக் கொடுக்கும் ஓர் ஏற்பாடு. கத்தரிக்கோல் போல மடிந்து கதவோடு நிமிர்ந்து நிற்கும்படி செய்தோம். இரும்பில் செய்தால் தூக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும், அலுமினியத்தில் செய்தால் பத்து வயதுப் பேத்தி விரித்துவிடுவாள். அதனால் அலுமினியம். மடிக்கும் இடங்களில் விரல் நசுங்காதபடி இடைவெளி. மடித்த பின் தானாக அவிழாதபடி கொக்கியும், கொக்கிக்கு மேல் ஓர் ஊசியும். படியை மடிக்காமல் வண்டியை எடுத்தால் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி, கார்க் கதவில் இருப்பது போன்ற ஒரு சிறு சுவிட்ச்.

நான்காவது, கைப்பிடி. படியைவிட முக்கியமானது இது என்பது என் துணிபு. முழங்கால் வலிக்காரர் காலால் பாதியும் கையால் பாதியுமாக ஏறுகிறார். இரு பக்கமும், கீழ்ப்படியில் நிற்கும்போதே எட்டும்படி, கதவுக்குள்ளும் தொடரும்படி கம்பி வேண்டும். வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். எந்தக் கை வலுவிழந்த கை என்று அவர்கள் யாரிடம் கேட்டுத் தீர்மானித்தார்களோ தெரியவில்லை. படியின் மேல் வழுக்காத வரித்தகடும், ஒவ்வொரு விளிம்பிலும் மஞ்சள் வண்ணமும். கண்புரை உள்ளவருக்கு விளிம்பு தெரிவதுதான் பாதி தைரியம்.

ஒரு செய்தியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை வலியுறுத்தியது. இத்தகைய வேலையில் இறங்குவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சரக்குத்தட்டில் ஆட்களை ஏற்றி ஓட்டுவதற்கு எந்தப் படியும் நியாயமாகாது.

*

நம் முன்னோருக்கு இது தெரிந்துதான் இருந்தது. கூண்டு வண்டியின் பின்புறம் தொங்கும் இரும்புக் கால்மிதியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குதிரை வண்டிக்கும் உண்டு. மாட்டு வண்டி செய்த ஆசாரிக்கு ஏறப்போகிறவரைத் தெரியும். பண்ணையார் வீட்டு ஆச்சியோ, பிரசவத்துக்குப் போகும் பெண்ணோ. இன்று வண்டி கட்டுகிறவருக்கு ஏறுகிறவர் யாரென்று தெரியாது. கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும்போது இருக்கைகளை எண்ணுகிறார்கள், கட்டணம் இருக்கைக்குத்தானே. படி எண்ணிக்கையில் வருவதில்லை.

2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நம் காலத்தின் மிக நல்ல திட்டங்களில் ஒன்று அது. கிராமத்துப் பெண்கள் தமக்கென்று ஒரு வேலையாக ஊர்விட்டு ஊர் போவதை அது இயல்பாக்கியிருக்கிறது. ஆனால் கட்டணம் இறங்கிய அளவுக்குப் படி இறங்கவில்லை. காசில்லாமல் போகலாம் என்று சொல்லப்பட்ட கிழவி, கூடையை முதலில் உள்ளே எறிந்துவிட்டு, இரு கையாலும் கம்பியைப் பற்றி, முழங்காலை முதல் படியில் ஊன்றி ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடத்துநர் விசில் ஊதத் தயாராக நிற்பார்.

மாற்றுத்திறனாளிகள் இதற்காக நீதிமன்றத்துக்குப் போனார்கள். தரை உயரம் 900 மில்லிமீட்டர் உள்ள பேருந்துகளை வாங்க முனைந்ததை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் வழக்காடினார். தாழ்தளப் பேருந்தின் தரை 400 மில்லிமீட்டர். சாலை சரியில்லை, மழையில் தண்ணீர் தேங்குகிறது, விலை அதிகம் என்பன அரசுத் தரப்பின் பதில்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆனாலும் 2024 ஆகஸ்டில் சென்னைச் சாலைகளில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின; நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்து கொடுக்கும் பேருந்துகள். பல்லக்கு மீண்டும் தரையிறங்கியது, இம்முறை யாருடைய தோளையும் அழுத்தாமல். சாலை குறைபாடுடையது என்பதால் மனிதர் ஏற வேண்டாம் என்ற வாதம் அன்றோடு வலுவிழந்துவிட்டது.

அமெரிக்காவில் 1990 மார்ச் 12 அன்று மாற்றுத்திறனாளிகள் பலர் தம் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கைகளாலும் முழங்கைகளாலும் தவழ்ந்து ஏறினார்கள். நிலுவையில் கிடந்த சட்டம் அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறியது. புதிய பொதுப் பேருந்துகள் அவர்களும் ஏறத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளைகளில் ஒன்று. நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவில், புதிய வாகனங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. தொழில்நுட்ப அளவில் இயலுமானால், பாதுகாப்பானதானால், பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியானால், அமைப்பைப் பெரிதாக மாற்றாமல் பழைய வாகனங்களிலும் திருத்தம் செய்ய வேண்டும் என்கிறது. இத்தனை 'ஆனால்'களையும் தாண்டி எது தேறும் என்று யோசித்தால், எனக்கு முதலில் தோன்றுவது மடிப்புப் படிதான். எல்லாப் பேருந்துகளையும் தாழ்தளமாக்கும் நாள் வரும்வரை, ஓடும் பேருந்தின் கீழ்ப்படிக்கு அடியில், கதவு திறந்தால் வெளிவந்து மூடினால் உள்ளே போகும் ஒரு கூடுதல் படியை வைக்கக் கூடாதா? பல ஆம்புலன்ஸ் வண்டிகளின் கதவடியில் அத்தகைய படி இருக்கிறது. நோயாளியான பிறகு கிடைக்கும் படி, நோயில்லாதபோது கிடைக்கக் கூடாதா?

பழுதாகும் என்பார்கள். ஆகும். சேறு புகும், கீல் இறுகும், எவனாவது பின்னால் இடிப்பான். கதவும்தான் பழுதாகிறது; அதற்காகக் கதவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மாதம் ஒருமுறை கிரீஸ் வைப்பதும் போல்ட்டை இறுக்குவதும் பராமரிப்புப் பட்டியலில் ஒரு வரி. நெரிசலில் படியில் தொங்குவோருக்கு இன்னொரு படி கொடுத்தது போலாகும் என்பது மற்றொரு மறுப்பு. இது கவனிக்க வேண்டியது. படி உள்ளே போகாமல் வண்டி நகராது என்ற ஏற்பாடு இருந்தால் அதற்கும் வழி உண்டு. தம்பியின் சிவப்பு விளக்கு செய்வதும் இதைத்தான்.

அரசு ஊழியர்களுக்குப் 'பயணப்படி' உண்டு. அலுவலாகப் போய்வந்த செலவை ஈடுகட்டக் கொடுக்கும் தொகை. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வேறொரு பொருள் தோன்றுகிறது. ஊழியர் அல்லாத எல்லோருக்கும் உரிய பயணப்படி ஒன்று உண்டு. அது தொகையன்று, எட்டரை அங்குல உயரமுள்ள ஒரு தகடு.

*

படி மாட்டிய பின் முதல் பயணம் ஏலாக்குறிச்சிக்கு. அம்மாவிடம் வருகிறாயா என்று கேட்கவில்லை. முதல்நாள் மாலை வாசலில் வண்டியை நிறுத்தி, பேத்தி படியை விரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அரைமணி நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து, "அடுப்பை இந்தப் பக்கம் வெச்சா காத்து அடிக்கும்ல?" என்று குரல் வந்தது. மறுநாள் காலை தன் துணிப்பையோடு எல்லோருக்கும் முன்னால் அவள்தான் தயாராக இருந்தாள். கோழிகளுக்குப் பக்கத்து வீட்டு அக்காள் தண்ணீர் வைத்தாள்.

அன்றிரவு மாதா கோயில் வெளியில் பல ஊர் வேன்கள் நின்றிருந்தன. அம்மா நடுப்படியில் திண்ணையில் உட்கார்வது போல் உட்கார்ந்து, கீழ்ப்படியில் கால் வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரவில் இரண்டு முறை இறங்கி ஏறினாள் என்பது காலையில் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து வேனில் வந்திருந்த நாலைந்து பெண்கள், அவள் வயதுதான், படியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அவர்கள் இறங்குவதற்கு ஒரு மர முக்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, உள்ளே ஒரு வேலையும் இல்லாதபோதும், மூன்று படியும் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கினார். கைப்பிடியை விடாமலே கீழே நின்றுகொண்டு தம்பியைப் பார்த்துக் கேட்டார்:

"ஏந்தம்பி, இத பஸ்ஸுக்கு மாட்ட மாட்டாங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். எனக்கும் பதில் தெரியவில்லை.